தறி ஓடுகிறது, துணியில் கோடு விழுகிறது: சொந்தத் தடைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஆறு தறி ஓடியது. கூலி நெசவு. நீளவாக்கில் போகும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் வியாபாரி கொடுப்பார், நெய்து கொடுத்து மீட்டருக்கு இத்தனை என்று கூலி வாங்குவோம். தறி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். சத்தம் மாறியதுமே யாராவது எழுந்து போய்ச் சரிசெய்து மறுபடி ஓட்டுவார்கள். பாவில் ஒரு இழை அறுந்தால் எங்களுடையது மாதிரிப் பழைய தறி நிற்காது. அது பாட்டுக்கு ஓடும். அப்பா வந்து துணிமேல் விரலை ஓட்டிப் பார்த்து, “ஏஞ்சாமி, இதைக் கவனிக்கறதில்லையா?” என்று கேட்கும்போது நீளவாக்கில் ஒரு மீட்டருக்குக் கோடு விழுந்திருக்கும். கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

வேலை போவது, வியாபாரம் நொடிப்பது, படுக்கையில் விழுவது எல்லாம் ஊடை அறுந்த மாதிரி. தறி நின்றுவிட்டதால் வீடே ஓடி வரும். நான் இங்கே எழுதுவது மற்றதைப் பற்றி. நாம் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம், நோம்பிக்குத் துணி எடுக்கிறோம். ஆனால் உள்ளே ஒரு இழை எப்போதோ அறுந்துவிட்டது, கோடு மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

எனக்கு இருந்தது ஒரு அரியர். பி.காம். கடைசி வருடம் காஸ்ட் அக்கவுண்டிங் போய்விட்டது. வீட்டில் பாஸ் என்று சொல்லிவிட்டேன். அடுத்த செமஸ்டரில் எழுதிவிடலாம் என்று கணக்கு. அந்த அடுத்த செமஸ்டர் பதினான்கு வருடம் வரவில்லை. அதற்குள் கல்யாணம் ஆகி, பையன் பிறந்து, தறிகளை இரும்பு விலைக்குப் போட்டு, சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்க ஆரம்பித்திருந்தேன். எதுவும் நின்றுபோகவில்லை. சர்டிபிகேட் கேட்கும் எந்த வேலைக்கும் போகவில்லை, அவ்வளவுதான். என் மச்சான் ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர். அவர் வீட்டு விசேஷம் என்றால் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டு, யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன்.

அதிலிருந்து வெளியே வந்த வழியையும், அக்கம்பக்கத்தில் பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். முதல் மூன்றைச் செய்யாமல் நேராக ஆறாவதுக்குத் தாவினால் பாதியில் விட்டுவிடுவீர்கள். நானே விட்டிருக்கிறேன்.

1. ஒரு வாரம், சுற்றுவழிகளை மட்டும் எழுதுங்கள்

“உங்கள் வாழ்க்கையில் என்ன தடை?” என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. வந்தாலும் “பணம்தாங்க” என்பார்கள். அதனால் வேறு மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வாரம் நான் எதைச் சுற்றிக்கொண்டு போனேன்?

கடையில் அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன நோட்டு போதும். யாருடைய போனை எடுக்காமல் விட்டீர்கள், எந்தத் தெரு வழியாகப் போகாமல் திரும்பினீர்கள், எந்த விசேஷத்துக்கு “வேலை இருக்குதுங்க” என்று பொய் சொன்னீர்கள், எந்தக் கவரைப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்தீர்கள். ஒரு வரிக்கு மேல் வேண்டாம். காரணம் எழுத வேண்டாம், காரணம் எழுத ஆரம்பித்தால் நமக்கு நாமே வக்கீல் ஆகிவிடுவோம்.

ஏழு நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வரி இருக்கும். அவை பத்துத் தடைகள் இல்லை. இரண்டு, மிஞ்சினால் மூன்று. என் நோட்டில் ஒன்பது வரி இருந்தது. ஆறு வரி அந்த ஒரே அரியரைச் சுற்றித்தான் ஓடியது. பையன் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ‘தந்தையின் கல்வித்தகுதி’ என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லி மனைவியிடம் தள்ளிவிட்டதுகூட அதில் ஒன்று. எழுதும்வரை அது எனக்கே தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். நெசவுக் கூலி ஏறாமல் இருப்பது, கீழ்பவானி வாய்க்காலில் உங்கள் மடைக்குத் தண்ணீர் வந்து சேராதது, பங்காளி நிலத்தைப் பிரித்துத் தராமல் இழுப்பது, சாதியைச் சொல்லி ஒருவர் வாடகைக்கு வீடு தராதது இவையெல்லாம் உங்கள் மனதில் இருக்கும் தடைகள் கிடையாது. அவற்றுக்குச் சங்கம் வேண்டும், வக்கீல் வேண்டும், போராட்டம் வேண்டும். மனசை மாற்றிக்கொள்ளுங்கள் என்று யாராவது அதற்கு அறிவுரை சொன்னால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த வரிகளை நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள். முன்பக்கத்தில் மிஞ்சுவதுதான் இந்த வேலைக்கு.

2. மனசைத் திட்டுவதற்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள்

எங்கள் தெருவில் ஒரு அக்கா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார். ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிவிட வேண்டும் என்று புத்தகமெல்லாம் வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்தால் அரைப் பக்கத்தில் கண் சொருகிவிடும். “நான் ஒரு சோம்பேறி கண்ணு, எனக்கெல்லாம் படிப்பு ஏறாது” என்பார். படி ஏறினால் மூச்சு வாங்கும். அதையும் வயசாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டார். வயது முப்பத்தாறு.

மகளுக்குக் காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது, நர்ஸ் இவர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.6. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை, ஆணுக்கு 13. எட்டுக்குக் கீழே என்றால் கடுமையானது. மாதவிடாயில் அதிகம் போனதை வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்கள்: மாத்திரையை டீயோடு போடக் கூடாது, டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சையும் நெல்லிக்காயும் நல்லது. பத்தரை மணி டீயோடு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர் அதை இரவுக்கு மாற்றினார். மூன்று மாதத்தில் ஆள் வேறு.

பத்தாவது இன்னும் எழுதவில்லை. ஞாயிறு தோறும் கணக்கு டியூஷனுக்குப் போகிறார். தூங்குவதில்லை.

ஆகவே இரண்டாவது வேலை: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தால் அசதியும் மனச்சோர்வும் வரும், எடை கூடும். வீட்டில் “இவளுக்கு எதிலும் பிடிப்பில்லை” என்பார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐ எட்டினால், மறுபடி ஒரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆட்கள் வீடு தேடியே வருகிறார்கள். இரவு ஷிப்ட்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பகலில் நாலு மணி நேரம் கோழித்தூக்கம் தூங்குகிறவருக்குச் சின்ன விஷயமும் மலையாகத் தெரியும். அது குணம் இல்லை, தூக்கக் கடன்.

3. கடன் இருந்தால், பைசாவரை எழுதுங்கள்

நான் கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடன் இருக்கிறது என்பது பாதித் தடை. எவ்வளவு கடன் என்று தெரியாமல் இருப்பது மீதிப் பாதி. கேட்டால் “ஒரு நாலஞ்சு இருக்குமுங்க” என்பார்கள். நாலா, அஞ்சா? அந்த ஒரு லட்ச இடைவெளியில்தான் ராத்திரித் தூக்கம் போகிறது.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: யாரிடம், எவ்வளவு பாக்கி, மாதம் என்ன வட்டி, என்ன அடமானம். பிறகு எல்லா வட்டியையும் வருட வட்டியாக மாற்றுங்கள். ‘நூத்துக்கு மூணு’ என்றால் கேட்க லேசாக இருக்கிறது; வருடத்துக்கு 36. தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று சொல்லி ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டு வருகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருந்த பணம் அதில் பாதிதான். அந்தக் கணக்கில் பார்த்தால் வருட வட்டி நூற்றுக்கு 120-ஐத் தாண்டுகிறது. இதையே வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வைத்து வாங்கினால் பெரும்பாலும் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும். தாலிக்கொடியை வைக்க மாட்டேன் என்று சொல்லித் தண்டலில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கௌரவத்துக்கு அவர்கள் கொடுத்த வட்டி அது.

அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள், சின்னக் கடனோ பெரிய கடனோ. மிரட்டி வசூலிப்பவர் இருந்தால், அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம்.

4. அந்த முடிவை எப்போது எடுத்தீர்கள்?

உடம்பையும் கடனையும் கழித்த பிறகு நோட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் பயம். அதாவது, எப்போதோ ஒரு தேவைக்காக எடுத்த பழைய முடிவு.

மிஞ்சிய வரியை எடுத்துக்கொண்டு அதன் கீழே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இதை முதன்முதலில் எப்போது தவிர்த்தேன்? அன்றைக்கு அது எனக்கு என்ன நன்மை செய்தது?

இரண்டாவது கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் பாஸ் என்று பொய் சொன்ன அந்த வாரம்தான் எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா பாதி நாள் அங்கே, பாதி நாள் தறியில். அந்த நேரத்தில் அரியர் என்று சொல்லி இன்னொரு அழுகையைக் கூட்ட எனக்கு மனசில்லை. இருபத்தொரு வயதுப் பையனுக்கு அது நியாயமான முடிவுதான். முப்பத்தைந்து வயதில், அப்பிச்சி போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும், அதே முடிவை நான் தினமும் புதுப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் கோளாறு.

எழுதும்போது தொண்டை அடைத்தால் அது சரியான வரி. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதைச் சோதனையாகவே செய்தார். மனதை அழுத்தும் ஒன்றைப் பற்றி, நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடம், தொடர்ந்து மூன்று நான்கு நாள் எழுத வைத்தார். எழுதிய அன்று மனசு கனக்கும், பிறகு இலேசாகும் என்பதுதான் அதில் பலருக்கும் நடந்தது. எழுதிய தாளை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அடுப்பில் போட்டாலும் சரி.

5. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

நான் மனைவியிடம் சொன்னேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்து, பையன் தூங்கிய பிறகு, அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்துவிட்டாள். “இதுக்காங்க இத்தனை வருசமா எங்கண்ணன் வீட்டு விசேசத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருந்தீங்க? உங்களுக்கு எங்க வீட்டு ஆளுகளையே புடிக்கலையாட்டன்னு நெனச்சுட்டிருந்தேன்.”

என் அரியர் எனக்கு மட்டும் கோடு போடவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாரிடம் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். உடனே தீர்வு சொல்பவர் வேண்டாம். அடுத்த நாள் சந்தையில் பரவவிடுகிறவர் வேண்டவே வேண்டாம். உங்களை விட ஒரு கஷ்டம் கூடுதலாகப் பட்டு, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாதவர் யாராவது இருப்பார். சொல்லும்போது முதல் வாக்கியமாக “எனக்கு யோசனை வேண்டாம், கேட்டாப் போதும்” என்று சொல்லிவிடுங்கள். ஆண்களுக்கு இது வாயில் வராது, தெரியும். பைக்கில் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகப் போகும்போது சொல்லிப் பாருங்கள், வரும்.

6. பயத்துக்குப் படி கட்டுங்கள்

இதுதான் வேலையின் நடு. மற்றதெல்லாம் இதற்கான ஆயத்தம்.

பயப்படும் ஒன்றைத் தவிர்த்தால் உடனே ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. ஒவ்வொரு தடவை தவிர்க்கும்போதும் “தப்பித்தோம்” என்று மனசு கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை பயம் கொஞ்சம் பெரிதாகிறது. இதற்கு மருத்துவ உளவியலில் பல காலமாகச் செய்வது: பயத்தைப் படிகளாக உடைத்து, கீழ்ப்படியிலிருந்து ஏறுவது. ஒரு படியில் பயம் தணிகிறவரை அங்கேயே நிற்பது. தணிந்த பிறகே அடுத்தது.

என் பெரியம்மா மகன் ஒருவன், காங்கயம் பக்கம் பண்ணையம். வயது முப்பத்தெட்டு, கல்யாணம் அமையவில்லை. இந்த ஊர்ப்பக்கத்தில் தோட்டம் பார்க்கும் பையன்களுக்குப் பெண் கிடைப்பது எப்படி என்று படிப்பவர்களுக்கே தெரியும். “இன்னும் ஆகலையா?” என்ற கேள்விக்குப் பயந்து அவன் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டான். நாலு வருடத்தில் தோட்டத்து வீட்டை விட்டு வெளியே வராத ஆளாகிவிட்டான். அவனும் நானும் சேர்ந்து போட்ட படிகள் இவை.

முதல் படி, கேள்வி கேட்காத ஒரு வீட்டு வளைகாப்புக்குப் போய், சேலைக்கவரைக் கொடுத்துவிட்டு, காபி குடித்து வருவது. இரண்டாவது, ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து மோர் வரைக்கும் சாப்பிடுவது. நடுவில் எழக் கூடாது. மூன்றாவது, கேள்வி கேட்பார் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு மாமா பக்கத்தில் போய் நிற்பது. நான்காவது, நோம்பிக்கு ராத்திரி தங்குவது, கம்பத்தைச் சுற்றி ஆடுவது.

மூன்றாவது படிக்கு ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்தோம். “இன்னும் அமையலீங் மாமா. அமைஞ்சா மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான்.” உடனே அடுத்த மூச்சில், “ஆமா, அந்தச் செவலை மாடு கன்னு போட்டுருச்சுங்களா?” மாமா மாட்டுக்குப் போய்விட்டார். கொங்கு நாட்டில் மாட்டைப் பற்றிக் கேட்டால் யாரும் பழைய பேச்சுக்குத் திரும்ப மாட்டார்கள். இரண்டாவது படியில் அவன் மூன்று தடவை தோற்றான், ஒரு தடவை ரசத்தோடு எழுந்து வந்துவிட்டான். அதே படியை மறுபடி போட்டோம்.

முதல் படி சிரிப்பு வருகிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். பின்னால் பெரிய பஸ் கம்பெனியே நடத்திய கோவை ஜி.டி. நாயுடு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே விட்டது ஒரே ஒரு பஸ். என் முதல் படி பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து பேர்கூடச் சொல்லாமல் “பழைய அரியர் எழுத முடியுமுங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவது. காலம் கடந்துவிட்டது, சிறப்பு வாய்ப்பு அறிவித்தால் எழுதலாம் என்றார்கள். அது வர இரண்டு வருடம் ஆனது. எழுதினேன், என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நின்றான். மார்க் 43. பாஸுக்கு 40.

இன்னொரு சின்ன உத்தி. “செய்யணும்” என்று எழுதாதீர்கள். எப்போது, எங்கே, எதற்கு அப்புறம் என்று எழுதுங்கள். “வியாழக்கிழமை, காலை டீ குடித்து டம்ளரை வைத்ததும், திண்ணையில் உட்கார்ந்து போன் செய்வேன்.” பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் இதை ஆராய்ந்தார். வெறுமனே ஆசைப்படுபவர்களை விட இப்படி நேரமும் இடமும் குறித்தவர்கள் செய்து முடிப்பது அதிகம்.

“நேரம் சரியில்லீங்க, ஏழரை நடக்குது” என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஜோசியரிடம் போவதானால் போங்கள். ஆனால் “ஆரம்பிக்கலாமா?” என்று கேட்காதீர்கள். “இந்த மாசத்துல எந்த நாள் ஆரம்பிக்கறதுங்க?” என்று கேளுங்கள். தேதி கிடைக்கும்.

7. அந்த நாலு பேர் யார் யார்?

“நாலு பேரு என்ன சொல்லுவாங்க” என்பதை இந்த ஊரில் பால் குடிக்கும்போதே ஊட்டிவிடுகிறார்கள். சரி, நாலு பேர் பெயரை எழுதுங்கள். நிஜமாகவே எழுதுங்கள். எனக்கு மூன்றுக்கு மேல் வரவில்லை. மச்சான், கல்லூரித் தோழன் ஒருவன், எதிர்வீட்டுப் பெரியவர். பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். தோழன் துபாயில்.

ஊரைக் கண்டுகொள்ளாதே என்று சுலபமாகச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. அதற்கு விலை உண்டு. கோவை அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலை நாப்கின் செய்ய இறங்கியபோது, கால்பந்துப் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பிக் கட்டிக்கொண்டு சோதித்துப் பார்த்தவர். ஊர் அவரைக் கிறுக்கன் என்றது, மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார், தாயாரும் விட்டுப் போனார். வருடங்கள் கழித்தே மனைவி திரும்பி வந்தார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்ததை எல்லோரும் சொல்கிறார்கள், நடுவில் இருந்த அந்த வருடங்களைச் சொல்வதில்லை. உங்கள் விஷயத்துக்கு அத்தனை விலை தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் விலையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். பட்டியலில் இருக்கும் நாலு பேரில் எவரோடு உறவு முறிந்தால் தாங்க மாட்டீர்களோ அவரிடம் மட்டும் முன்கூட்டியே, நேரில், நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த வாரம் பேச வேறு விஷயம் கிடைத்துவிடும்.

நோட்டால் ஆகாத இடங்கள்

சில இழைகளை வீட்டில் உட்கார்ந்து பிணைக்க முடியாது.

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாள் முழுக்க மனசு கனத்து, பிடித்தது எதிலும் ருசி இல்லாமல், தூக்கமோ பசியோ மாறிப்போனால் மருத்துவரைப் பாருங்கள். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் எல்லா ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று பயமா, பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறுங்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள். நேரில் போகத் தெம்பில்லை என்றால் 14416. 2022-லிருந்து நடக்கும் டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வீட்டில் யாருக்காவது வந்தால், அவரைத் தனியே விடாமல் உடனே பேசுங்கள், கூப்பிடுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள்.

குடி வேறு கதை. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு ஆள் குழம்பிப் பிதற்றுவதும் உண்டு. உயிருக்கே ஆபத்து. கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை, எங்கள் சித்தப்பா அப்படித்தான் விட்டார். ஆனால் முதலில் டாக்டர், பிறகு கயிறு.

வீட்டில் அடி விழுகிறதா? அது உங்கள் குறை எதுவும் இல்லை. பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

8. விட்டுப்போன நாள்

லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரு புதுப் பழக்கம் தானாக வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், ஒருவருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நம் ஆட்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்று வைத்தார்கள். ரொம்ப தூரத்தில் இல்லை. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை. மாலை போட்ட விரதம் மாதிரி ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று நினைத்துத்தான் நம்மில் பலர் மூன்றாவது வாரத்தில் நோட்டைத் தூக்கிப் போடுகிறோம்.

அதனால் மாதம் ஒரு தடவை, சம்பளம் வாங்கிய சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், சுற்றுவழிப் பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். பழையவற்றில் சில காணாமல் போயிருக்கும். புதிதாகச் சில முளைத்திருக்கும்.

என் இந்த மாதப் பட்டியலில் ஐந்து வரி. மூன்றாவது வரி பல் டாக்டர். கீழ்க் கடைவாய்ப் பல், தீபாவளியிலிருந்து இடது பக்கம் மென்றுகொண்டிருக்கிறேன். புதன்கிழமை, சோமனூரில் ஜி.எஸ்.டி. கணக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பேக்கரியில் டீ குடிக்காமல் நேராக.